எண் நாளான கதை

835000000. யுனிக்ஸ் கணினியில் ஒரு கோப்பு எப்போது எழுதப்பட்டது என்று கேட்டால் உள்ளே கிடப்பது இப்படியொரு எண்தான். அதை 1996 யூன் 17, திங்கட்கிழமை என்று வாசிக்க வைத்த வழி சற்று நீண்டது.

பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸின் 1971ஆம் ஆண்டுக் கையேட்டில் நேரக் கணக்கு அந்த வருடம் ஜனவரி 1இல் தொடங்குகிறது. எண்ணியதும் விநாடியை அல்ல, அதன் அறுபதில் ஒரு பங்கை. அந்த வேகத்தில் 32 பிட் இடம் இரண்டேகால் வருடத்தில் நிரம்பிவிடும். அதனால் பின்னர் விநாடிக் கணக்குக்கு மாறினார்கள். தொடக்கமும் 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு என்று நிலைத்தது. இலங்கையின் நெடுந்தீவில் அப்போது விடிகாலை ஐந்தரை மணி.

‘டேட்’ கட்டளையும் அதே கையேட்டில் உண்டு. ஆனால் பழைய எண்ணைக் கொடுத்து நாளைக் கேட்கும் வசதி பிந்தி வந்தது. குனு பதிப்பில் முதலில் ‘1970 ஜனவரி 1இலிருந்து இத்தனை விநாடி’ என்று முழுவதையும் எழுத வேண்டியிருந்தது. பிறகு @ குறி போதுமென்றானது: டேட் -டி @835000000. மக் கணினியில் ‘-ஆர்’ போட்டு வெறும் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

விநாடி எண் உலகம் முழுவதற்கும் ஒன்று. மணிக்கூடு அப்படியல்ல; அதை எங்கள் தீவுகள் நன்றாக அறியும். 1996இல் மழை பொய்த்து மின்சாரம் தட்டுப்பட, இலங்கை அரசாங்கம் மே 25 அன்று நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபர் 26 அன்று அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரத்துக்குத் திரும்பியது 2006 ஏப்ரல் 15 அன்றுதான். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. தீவுகளோ அரச கடற்படையின் கையில் இருந்தன. ஆகவே அந்த 835000000ஆவது விநாடியில் நயினாதீவில் அரச நேரம் பிற்பகல் 2:56, புலிகளிடமிருந்த வன்னியின் கிளிநொச்சியில் 1:56.

ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய நேர வலயத் தரவுத்தளம் அரசாங்கத்தின் மாற்றங்களை ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறது. ‘ஏசியா/கொலம்போ’ என்று வலயத்தைக் கொடுத்தால் 14:56:40 சரியாக வரும். வன்னியின் நேரத்துக்கு அதில் தனிப் பெயர் இல்லை. ‘ஏசியா/கொல்கத்தா’வைத்தான் இரவல் வாங்க வேண்டும். பத்தாண்டு ஒரு சனம் வாழ்ந்த நேரத்துக்குச் சொந்தப் பெயர்கூட இல்லாதது பெரிய குறை.

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவின் பழைய படங்களையும் பதிவுகளையும் ஒழுங்குபடுத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரையான எண்களுக்கு ஐந்தரை மணித்தியாலத்தைக் கையால் கூட்டாதீர்கள். வலயப் பெயரைக் கொடுத்து மாற்றுங்கள். மூல எண்ணையும் அழிக்காமல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.