கொட்டை இல்லாத கொட்டைப் பழுப்பு

2000-ஆம் ஆண்டு நியூகாசில் பிரவுன் ஏல் என்ற பீருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு அளித்தது. நியூகாசில் ஊரில் காய்ச்சினால்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். மதுரை மல்லிக்குக் கிடைத்தது போன்ற உரிமைதான். ஐந்தே ஆண்டுகளில் அதைக் கேட்டு வாங்கியவர்களே அதில் மாட்டிக்கொண்டார்கள். டைன் ஆற்றின் வடகரையில் இருந்த பழைய ஆலையை 2005-ல் மூடிவிட்டு, தென்கரையில் கேட்ஸ்ஹெட்டை ஒட்டிய டன்ஸ்டனுக்கு வேலையை மாற்றினார்கள். நடுவில் ஓர் ஆறுதான், ஆனால் சட்டத்துக்கு அது வேறு ஊர். தாங்கள் வாங்கிய பாதுகாப்பை நீக்கும்படி தாங்களே மனுப் போட, 2007-ல் அது நீங்கியது. 2010-ல் உற்பத்தி யார்க்‌ஷயரின் டாட்காஸ்டருக்குப் போனது. 2017-ல் கடலையும் தாண்டி நெதர்லாந்துக்கே போய்விட்டது. புட்டியில் மட்டும் நியூகாசில் இன்னும் இருக்கிறது.

ஊர்ப்பெயருக்கு நேர்ந்தது நேற்றைய கதை. அந்தப் பெயரில் இருக்கும் மற்ற சொற்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இடம் மாறத் தொடங்கிவிட்டன.

ஏல் என்பதன் பழைய ஆங்கில வடிவம் 'ஏயாலு'. டேனிஷ் மொழியில் 'ஓல்', லிதுவேனிய மொழியில் 'அலுஸ்'. மொழிக்குடும்பமே வேறான பின்லாந்துக்காரர்கள்கூட அதைக் கடன் வாங்கி 'ஓலுத்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் பானத்தை மட்டுமல்லாமல், அது ஓடிய விருந்தையும் குறித்தது. கல்யாண விருந்து 'பிரைட்-ஏல்'. அதுதான் தேய்ந்து 'பிரைடல்' ஆனது. தி. நகர் ஜவுளிக்கடைகள் 'பிரைடல் கலெக்‌ஷன்' என்று பலகை மாட்டும்போது, கூடவே ஒரு பீப்பாய் ஏலையும் மாட்டிவிடுகின்றன.

1400 வாக்கில் கடலுக்கு அக்கரையிலிருந்து ஹாப்ஸ் பூ போட்டுக் காய்ச்சிய பானம் இங்கிலாந்துக்கு வந்தது. அந்தக் கசப்புக்கு மக்கள் வைத்த பெயர் 'பீர்'. ஹாப்ஸ் போடாத உள்ளூர்ப் பானம் ஏலாகவே இருந்தது. இரண்டையும் காய்ச்சியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒருவரை ஒருவர் பிடிக்காதவர்களும்கூட. ஏல்தான் ஆங்கிலேயனுக்கு இயல்பான குடி, பீர் டச்சுக்காரனுக்கு உரியது என்று ஆண்ட்ரூ பூர்ட் என்ற மருத்துவர் 1542-ல் தம் உணவு நெறி நூலில் எழுதிவைத்தார். அதற்குப் பிறகு ஏலுக்குள்ளும் ஹாப்ஸ் மெல்லப் புகுந்தது. முதலில் கொஞ்சம், பின்பு தாராளமாக. இன்று ஏல் என்றால் சற்று வெதுவெதுப்பான சூட்டில் மேலெழுந்து நுரைக்கும் ஈஸ்டால் புளித்த பீர் என்று பொருள். ஹாப்ஸ் இல்லாமை என்ற பழைய பொருளில் ஒரு துளிகூட மிஞ்சவில்லை.

சுவைத்துத் தீர்ப்புச் சொல்லும் வேலைக்கும் இந்தச் சொல்லிலிருந்தே பெயர் பிறந்தது. ரொட்டி, ஏல் இரண்டின் விலையையும் அளவையும் கட்டுப்படுத்திய சட்டம் 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. அதை ஊர்தோறும் அமல்படுத்தக் குடித்துப் பார்க்கும் அதிகாரிகள் இருந்தார்கள். அவர்கள் 'ஏல்-கானர்'கள். பழைய ஆங்கிலத்தில் 'குன்னியன்' என்றால் சோதித்துப் பார்த்தல். அறிதல் என்ற பொருள் கொண்ட சொல்லுக்கு அது நெருங்கிய உறவு. ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான், 1556-ல் ஸ்ட்ராட்ஃபோர்டில் இந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கானர்கள் பெஞ்சில் ஏலை ஊற்றி, தோல் கால்சட்டையோடு அதன்மேல் உட்கார்ந்து, எழும்போது ஒட்டுகிறதா என்று பார்த்தார்கள் என்றொரு கதை உலவுகிறது. ஆதாரம் எதுவும் இல்லை. நாக்கு இருக்கும்போது கால்சட்டை எதற்கு?

பிரவுனும் பழைய சொல்தான். அதன் வேரிலிருந்து கிளைத்ததுதான் நீர்நாயை ஒத்த பீவர் என்ற விலங்கின் பெயர். பழுப்பையும் கீரியையும் குறிக்கும் சமஸ்கிருத 'பப்ரு'வும் அதே குடும்பம். பானத்துக்கு அந்த நிறம் வந்த வழி எளிது. முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, விறகுத் தீயில் காய வைத்தார்கள். தீயின் சூடு கைக்கு அடங்காது. மால்ட் கருகலாகவும் புகைநாற்றத்தோடும் வெளியே வந்தது. அதைக் கொண்டு காய்ச்சினால் பானம் பழுப்பாகத்தான் இருக்கும். எல்லாமே பழுப்பாக இருக்கும்போது அதைத் தனியாகச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. 1640-களில் டெர்பிஷயரில் நிலக்கரியைச் சுட்ட கோக்கில் மால்ட்டை உலர்த்தத் தொடங்கி, வெளிர் நிறத்தில் ஒன்று சந்தைக்கு வந்த பிறகுதான் 'வெளிர்', 'பழுப்பு' என்ற அடைமொழிகளுக்கு வேலை வந்தது. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் பழுப்பு மால்ட்டில் காய்ச்சிய பீரை மூட்டை தூக்குபவர்கள் விரும்பிக் குடித்தார்கள். அவர்கள் பெயராலேயே அது 'போர்ட்டர்' ஆனது.

பழுப்பு மால்ட்டைக் கவிழ்த்தது ஒரு கருவி. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைக் காய்ச்சுபவர்கள் கையில் எடுத்ததும் ஓர் உண்மை தெரிந்தது. ஜான் ரிச்சர்ட்சன் 1784-ல் அதைப் பற்றி நூலே வெளியிட்டார். பழுப்பு மால்ட்டிலிருந்து இறங்கும் சர்க்கரை, வெளிர் மால்ட்டில் இறங்குவதைவிட வெகு குறைவு. விலை மலிவு என்று வாங்கியது உண்மையில் நட்டம். 1817-ல் டேனியல் வீலர் உருளையில் வறுத்துக் கரிய மால்ட் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வெளிர் மால்ட்டில் கரியதைச் சிட்டிகை சேர்த்தால் எந்த நிறமும் கிடைக்கும் என்றான பின் பழுப்பு மால்ட்டை யார் தேடுவார்கள்? 19-ஆம் நூற்றாண்டில் பிரவுன் ஏல் என்ற பெயர் ஏறத்தாழ மறைந்தே போனது.

அந்தப் பெயரை மீட்டது லண்டன் வைட்சேப்பலில் இருந்த மான் நிறுவனம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புட்டியில் அடைத்து விற்ற 'மான்ஸ் பிரவுன் ஏல்' கருத்தது, இனிப்பானது. இன்றைக்கு அதன் போதை 2.8 சதவீதம். முதல் உலகப்போருக்குப் பிறகுதான் அதற்குக் காலம் பிறந்தது. பப்களில் பீப்பாய் பீரின் தரம் நம்பும்படி இல்லை. மைல்ட் என்ற பீப்பாய் பீர் அரை டம்ளரில் ஒரு புட்டி பிரவுனை ஊற்றிக் கலந்து சமாளித்தார்கள் குடித்தவர்கள். வடக்கே 1927-ல் நியூகாசில் ஆலையில் ஜிம் போர்ட்டர் என்பவர் வேறொரு பிரவுனைக் கொண்டுவந்தார். சிவப்போடிய நிறம், அடர்த்தி குறைவு, போதை கூடுதல். பழுப்பு மால்ட்டின் பழைய வாரிசுக்குப் போர்ட்டர் என்று பெயர். புதிய பிரவுனைப் படைத்தவருக்கும் போர்ட்டர் என்று பெயர். வெறும் தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சண்டர்லாந்தின் வாக்ஸ் ஆலை 1901-லேயே இதே சாயலில் ஒன்றை வெளியிட்டிருந்தது. அதற்கு இட்ட பெயர் 'மாக்சிம்'. போயர் போரில் மாக்சிம் துப்பாக்கிப் படைப்பிரிவை நடத்திவிட்டுத் திரும்பிய ஆலைக் குடும்பத்துப் பிள்ளைக்கு மரியாதை அது. பிரவுன் என்ற சொல் இல்லாத பிரவுன்.

நியூகாசில்காரர்கள் தங்கள் பிரவுனை 'புரூன்' என்றும் 'நாய்' என்றும் அழைத்தார்கள். 'நாயைக் கொஞ்சம் உலாத்திவிட்டு வருகிறேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டு பப்புக்குப் போன கணவர்கள் தந்த பெயர் என்பது ஊர் விளக்கம்.

'நட் பிரவுன்' என்ற தொடர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் முதலில் அது நிறம் மட்டுமே. இங்கிலாந்தில் வெறுமனே 'நட்' என்றால் பெரும்பாலும் ஹேசல் கொட்டை. அதன் ஓட்டின் நிறம் அது. 1500-ஐ ஒட்டி அச்சேறிய 'நட் பிரவுன் மெய்ட்' என்ற கதைப்பாடலில் வருவது கொட்டை தின்னும் பெண் அல்ல, மாநிறத்துப் பெண். மில்டனும் 'லாலெக்ரோ' கவிதையில் ஏலுக்கு இதே அடைமொழியைத் தருகிறார். அங்கேயும் கண்ணுக்குத் தெரியும் நிறம்தான் பேச்சு. இரண்டு உலகப்போர்களுக்கு இடையே ஆலைகள் இந்த இலக்கிய வாடையைப் பிடித்து 'நட் பிரவுன் ஏல்' என்று லேபிளில் அச்சடித்தன. டாட்காஸ்டரின் சாமுவேல் ஸ்மித் ஆலை இன்றும் அச்சடிக்கிறது. லேபிளில் கொட்டையைப் படித்தவர்கள் டம்ளரில் அதைத் தேடத் தொடங்கினார்கள். இப்போது போட்டி நடுவர்களின் வழிகாட்டிக் கையேட்டில், பிரவுன் ஏலின் மணத்திலும் சுவையிலும் எதிர்பார்க்கத் தக்கவற்றுள் டாஃபி, கேரமல், பிஸ்கட்டோடு கொட்டைச் சுவையும் இருக்கிறது. கண்ணுக்கு இருந்த சொல் நாக்குக்கு இறங்கிவிட்டது.

நாக்கு ஏமாந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. மால்ட் வறுபடும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பைரசின் போன்ற சேர்மங்கள் உண்டாகின்றன. வறுத்த வேர்க்கடலையின் வாசத்திலும் அவை உண்டு. பெயர் குருட்டாம்போக்கில் எய்தாலும் அம்பு குறிக்குப் பக்கத்திலேயே விழுந்திருக்கிறது.

அந்தக் கையேடு 1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய பீர் நடுவர் சான்றளிப்பு அமைப்பான பிஜேசிபியுடையது. அதன் மதிப்பெண் தாளில் மொத்தம் 50: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. நிறத்தின் பெயரையே சூடிய பீருக்கு நிறம், தெளிவு, நுரை எல்லாம் சேர்த்து மூன்றே மதிப்பெண். அது சரியென்றே எனக்குப் படுகிறது. கேரமல் சாயத்தைக் கலந்து யாரும் நிறத்தை வரவழைத்துவிடலாம். நியூகாசிலே நெடுங்காலம் அப்படித்தான் செய்தது.

கடினமான வேலை அக்கம்பக்கத்தாரிடமிருந்து பிரவுனைப் பிரித்தறிவது. போதையும் உடலும் மெலிந்தால் அது டார்க் மைல்ட். வறுத்த காப்பித்தூள் வாடை ஓங்கினால் போர்ட்டர். ஹாப்ஸ் துருத்தினால் 1980-களில் தலையெடுத்த அமெரிக்கப் பிரவுன். இவற்றுக்கு நடுவே இருக்கும் குறுகிய சந்தில் ஆங்கிலப் பிரவுன் நிற்க வேண்டும்: போதை நான்கு முதல் ஐந்தரை சதவீதம் வாக்கில், கசப்பு இனிப்பை ஏந்திக்கொள்ளும் அளவுக்கு, முடிவில் வாய் ஓரளவு உலர. ஐஸில் வைத்த புட்டியை அப்படியே ஊற்றி இதைத் தேடக் கூடாது. 12 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில்தான் மால்ட் வாய் திறக்கும். ஊற்றியவுடன் முகர வேண்டும். மெல்லிய மணங்கள் காத்திருக்காது. பட்டர்ஸ்காட்ச் வாடை ஓங்கி வந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை. ஈர அட்டை வாடை வந்தால் பீர் பழசு. அழுகின முட்டைக்கோசுக்கும் எரிந்த ரப்பருக்கும் நடுவே ஒரு நெடி வந்தால் புட்டியைப் பாருங்கள். நிறமற்ற கண்ணாடி வழியே வெளிச்சம் பட்டு ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்த நெடி அது. நல்ல நிறத்தைக் காட்டத்தான் பிரவுன் ஏல்கள் சில தெளிந்த புட்டியில் வருகின்றன. நிறத்தைக் காட்டப்போய் மணத்தைக் கெடுத்துக்கொள்கின்றன.

நடுவர்களின் அட்டவணையும் பெயரை விட்டுவைக்கவில்லை. பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, யார்க்‌ஷயர்க்காரர்) புழக்கத்துக்குக் கொண்டுவந்த வடக்கு, தெற்கு என்ற பிரிப்பைக் கையேடு பல ஆண்டுகள் அப்படியே பின்பற்றியது. ஆலைகளின் பழைய கணக்குப் பேரேடுகளைப் புரட்டிய வரலாற்றாளர்கள் அந்தக் கோட்டை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு மாதிரியும் இரண்டு பக்கமும் காய்ச்சப்பட்டன. 2015-ல் வடக்கு 'பிரிட்டிஷ் பிரவுன் ஏல்' ஆனது. தெற்கு 'லண்டன் பிரவுன் ஏல்' என்ற பெயரோடு வரலாற்றுப் பீர்களின் பட்டியலுக்கு அனுப்பப்பட்டது.

இத்தனைக்கும் நடுவே யாராவது உண்மையாகவே ஹேசல் கொட்டையைப் போட்டு ஒரு பிரவுன் ஏல் காய்ச்சிப் போட்டிக்கு அனுப்பினால், அந்தக் கையேட்டின்படி அதைப் பிரவுன் ஏல் பிரிவில் சேர்க்க முடியாது. மசாலா, மூலிகை, காய்கறி சேர்ந்த பீர்களின் வரிசையில்தான் அதற்கு இடம். பெயரில் 'நட்' என்று வரும் சேர்பொருள் எல்லாமே அங்கே போக வேண்டும் என்கிறது விதி. தேங்காயும் அதில் அடக்கம்.