முத்துப் பார்களும் பொறுமையும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையை அணைந்து அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்கள் அமைந்துள்ளன. இவற்றின் முன்னுள்ள கடலடியிலேதான் இலங்கையின் புகழ்பெற்ற முத்துப் பார்கள் கிடக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே மார்க்கோ போலோ இக்கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிவைத்தார். 1344இல் வந்த இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் இக்கடலின் முத்துக்களைக் கண்டதாகக் கூறுகின்றார். இத்துணைப் பழமை வாய்ந்த தொழில் எவ்வாறு வாழ்ந்தது, எவ்வாறு நலிந்தது என்பதை நேயர்கள் அறிதல் நன்று. இயற்கையிலிருந்து எடுத்து வாழும் எத்தொழிலுக்கும் அதிலே ஒரு பாடம் உண்டு.

பார் என்பது மணற் பரப்பினிடையே கற்பாங்காக அமைந்த கடலடித் திட்டு. பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில் இருப்பது. முத்துச் சிப்பியின் குஞ்சு சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து திரிந்து, பின்னர்க் கல்லையோ கிளிஞ்சலையோ பற்றிக்கொள்கின்றது. பற்றுவதற்கு இடமின்றி மணலில் வீழ்ந்தால் மடிந்துபோகும். பற்றிய சிப்பியும் நான்கைந்து ஆண்டுகள் வளர்ந்த பின்னரே விலைபெறும் முத்தைத் தரும். அதற்குமேல் நெடுங்காலம் விட்டுவைத்தால் சிப்பி தானே மாண்டுவிடும். ஆகவே முந்தினாலும் நட்டம், பிந்தினாலும் நட்டம்.

இதனை உணர்ந்தே அரசினர் ஒரு முறையைக் கைக்கொண்டனர். முதலிலே பார்களைச் சோதிப்பர். மாதிரிக்காகச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்துக்களை மதிப்பிடுவர். விளைவு போதுமெனக் கண்டால் மட்டுமே குளிப்பு நாளை அறிவிப்பர். அறிவித்ததும் வெறுங்கரை ஒரு பட்டினமாக மாறிவிடும். தமிழகக் கரையிலிருந்து பரதவரும் கீழக்கரைச் சோனகரும், பாரசீகக் குடாவிலிருந்து அராபியரும் வந்து கூடுவர். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்தவர் எனப்பட்ட கடல்கட்டிகளும் வருவர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலத்தில் விற்கப்படும்.

முறை நல்லதே. ஆனால் ஆசை அதனைப் பன்முறை மீறிற்று. ஒல்லாந்தரிடமிருந்து கரையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1796 முதல் 1798 வரை தொடர்ந்து மூன்றாண்டுகள் குளிக்கச் செய்தனர். கருவூலம் நிறைந்தது, பின்வந்த ஆண்டுகளிலே விளைவு சுருங்கிற்று. 1828 முதல் 1837 வரை ஏறக்குறைய ஆண்டுதோறும் குளிப்பு நிகழ்ந்தது. அதன்பின் 1854 வரை ஒன்றுமே இல்லை. மிகைக் குளிப்பு ஒன்றே இதற்குக் காரணம் எனச் சொல்லிவிட முடியாது. பருவக் காற்றின் அலையும், சிப்பியைத் தின்னும் திருக்கை முதலிய மீன்களும் பார்களை அழிப்பதுண்டு. ஆனால் அழிவுக்கு ஆளான செல்வத்தை மனிதனும் சேர்ந்து வாரினால், மீண்டும் தழைப்பதற்கு வித்து எங்கே?

1891இல் நிகழ்ந்த குளிப்புக்குப் பின்னர்ப் பதினோராண்டுகள் பார்கள் வெறுமையாகவே கிடந்தன. காரணம் காண்பதற்காக லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் வரவழைக்கப்பட்டார். அவருக்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹோர்னல். பெரிய பாரைப் பற்றி அவர்கள் கண்டது வியப்புக்குரியது. 1880க்குப் பின்னர் அங்கே குஞ்சுகள் பதினொரு முறையேனும் வந்து படிந்திருந்தும், ஒருமுறைகூடக் குளிப்புக்கு உதவவில்லை. தென்மேற்குப் பருவக் காற்று அவற்றை வாரிச் சென்றுவிட்டது. ஆகவே குஞ்சுகளைப் பாதுகாப்பான பார்களுக்குப் பெயர்த்து இடுக, பற்றுவதற்குக் கல்லும் கிளிஞ்சலும் பரப்புக என்று ஹேர்ட்மன் கூறினார். கடலிலே வாருவதோடு நில்லாது, பயிரிடவும் வேண்டும் என்பதே அதன் பொருள்.

அறிவுரை சரியானது, அதற்கு வாய்த்த காலம் கெட்டது. 1903 முதல் பார்கள் மீண்டும் விளைந்தன. 1905இலே ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் கரையேறின. அரசின் பங்கு 25 இலட்சம் ரூபாய்க்கு மேல் விலைபோயிற்று. இப்பெருவிளைவைக் கண்டு மயங்கிய காலத்திலே, 1906இல், பார்கள் இருபதாண்டுக் குத்தகைக்கு ஒரு கொம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டன. குத்தகை ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபாய். 1907ஆம் ஆண்டுக் குளிப்புக்குப் பின் பார்கள் வறண்டன. கல் இடுதலும் குஞ்சு பெயர்த்தலும் முயலப்பட்டன. பயன் தோன்றுமுன்னரே, 1912இல், கொம்பனி கலைக்கப்பட்டது.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்று. கடலின் கணக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை முடிவது. குத்தகையின் கணக்கோ ஆண்டுதோறும் முடிவது. பல வருவாய் உடைய அரசு வறண்ட ஆண்டிலும் காத்திருக்கலாம். பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டிய கொம்பனி எத்தனை ஆண்டு காத்திருக்கும்? அறிவியல் வழிகாட்டியும் பணத்தின் ஒழுங்கு அதற்கு இடங்கொடுக்கவில்லை. குளித்தவனுடைய நிலை இன்னும் இரங்கத்தக்கது. பாரைத் திறப்பதிலோ மூடுவதிலோ அவனைக் கேட்பார் இல்லை. வறண்ட ஆண்டில் அவன் அடுப்பை எரிப்பது எவ்வாறு என எவரும் கணக்கிட்டதும் இல்லை.

1925இல் மீண்டும் ஒரு குளிப்பு நிகழ்ந்தது. ஆயினும் அதற்குள் யப்பானியரின் வளர்ப்பு முத்து உலகச் சந்தையில் நுழைந்துவிட்டது. பழைய பெருமை திரும்பவில்லை. குளிப்பை மேற்பார்வையிடுவதற்காகத் தேசாதிபதி நோர்த் அரிப்பிலே கட்டிய மாளிகையும் இன்று இடிபாடாக நின்று கடலரிப்புக்கு இரையாகின்றது.

முத்துக்குளிப்பு மறைந்தாலும் அது எழுப்பிய வினா மறையவில்லை. கடலடியை வாரும் இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. மன்னார் மீனவர் நெடுங்காலம் வேண்டியதும் அதுவே. தடைச்சட்டம் தேவையே, ஆனால் அது பாதி வேலைதான். விளையும் வரை காத்திரு என்று கடலோடியிடம் சொல்லும் சமுதாயம், காத்திருக்கும் நாளில் அவன் உண்பதற்கும் வழிசெய்தல் வேண்டும். அவ்வழி அமைந்தால் மன்னார்க் கரையிலே பொறுமை தானே வழக்கமாகும்.