கடலின் பெயர் பூண்ட நோய்



1925ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரிலே குழந்தை மருத்துவராக விளங்கிய தோமஸ் கூலி என்பார், சில சிறுவரிடத்தே கண்ட கொடிய குருதிச் சோகையொன்றை எடுத்துரைத்தார். அச்சிறுவரின் மண்ணீரல் பருத்திருந்தது, எலும்புகள் உருமாறியிருந்தன. இத்தகைய நோயாளர் பெரும்பாலும் இத்தாலிய, கிரேக்கக் குடும்பத்தினராய்க் காணப்பட்டனர். ஆகவே 1932இல் விப்பிள், பிராட்போர்ட் என்னும் அறிஞர் இருவர், கடல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று ‘தலசீமியா’ என்னும் பெயரை ஆக்கினர். அவர்கள் கருதியது மத்தியதரைக் கடலையே.

ஆயின், நோய்க்குக் காரணம் கடலன்று. செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபினை ஆக்கும் பரம்பரையலகிலே அமைந்த குறையே காரணம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அக்குறையைப் பெற்றவர் நோய்க்காவி எனப்படுவர்; அவர் நலமாகவே வாழ்வர். காவியர் இருவர் மணந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் பிள்ளை கடும் நோயுடன் பிறக்க நாலில் ஒரு பங்கு இடமுண்டு.

இக்குறை இத்துணைப் பரவியது எங்ஙனம்? காவியரை மலேரியா எளிதிற் கொல்லாது போலும் என 1949இல் ஹால்டேன் என்னும் பிரித்தானிய அறிஞர் கருத்துரைத்தார். சார்டினியாத் தீவின் ஆய்வுகள் அதற்குச் சான்று தந்தன. மலேரியா மலிந்த தாழ்நிலக் கிராமங்களிற் காவியர் மிகுந்தும், மலைக் கிராமங்களிற் குறைந்தும் காணப்பட்டனர். நுளம்பு பரப்பிய காய்ச்சலினின்று முன்னோரைக் காத்த அதே குறை, அவர்தம் வழித்தோன்றல்களுக்கு நோயாயிற்று.

சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ எழுவரில் ஒருவர் காவியர். நோயுற்ற பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுதும் குருதி ஏற்றவேண்டும்; அதனால் உடலிற் சேரும் இரும்பையும் மருந்தினால் அகற்றவேண்டும். இச்சுமையை நாடு தாங்காதென உணர்ந்த அரசு, 1970களிலே குருதிப் பரிசோதனையைப் பரப்பிற்று. 1980களிலே திருச்சபையும், திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டுமென்றது. அச்சான்றிதழ் எவரது மணத்தையும் தடுக்கவில்லை. பரிசோதனை நடந்ததென்பதை மட்டுமே கூறிற்று. காவியரிற் பலர் தாம் விரும்பியவரையே மணந்தனர். கருவிலேயே நோயை அறியும் முறையும் வந்தபின், நோயுடன் பிறக்கும் குழந்தைகள் மிக அருகினர்.

நம் நாட்டிலும், மலேரியா நெடுங்காலம் வாட்டிய குருநாகல், அனுராதபுரம் முதலிய பகுதிகளில் இந்நோயாளர் பலருளர். குலத்துக்கு வந்த இழுக்கென்று இதனை மறைப்போரும் உளர். இது எவருடைய குற்றமுமன்று. முன்னோர் உயிர்பிழைத்ததன் அடையாளமே. சாதகம் பார்க்கும் நாம், மணநாளுக்கு முன்னர் ஒரு துளி குருதியையும் பார்த்துக்கொள்ளுதல் நன்றன்றோ?