அடிக்கடி 'ப்ளூ ஸ்கிரீன்' வருதா? அசெம்பிள் பண்ண கம்ப்யூட்டரில் எந்த பார்ட்டில் கோளாறு என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு நாள் கேம் விளையாடும்போது, இன்னொரு நாள் யூடியூப் பார்க்கும்போது, மற்றொரு நாள் எதுவுமே செய்யாமல் சும்மா ஆன் பண்ணி வைத்திருக்கும்போது... திடீரென்று திரை நீலமாகி கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. பார்ட் பார்ட்டாக வாங்கி சொந்தமாக அசெம்பிள் செய்தவர்களுக்கு இது பெரிய தலைவலி.

பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்கியவர், பெட்டியை அப்படியே சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம். அசெம்பிள் செய்தவருக்கு அந்த வசதி கிடையாது. ராம் ஒரு கம்பெனி, மதர்போர்டு ஒரு கம்பெனி, எஸ்எம்பிஎஸ் வேறொரு கம்பெனி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரன்டி. எது பழுது என்று தெரிந்தால்தான் வாரன்டியில் மாற்ற முடியும். "எதுக்கும் இதை மாத்திப் பார்ப்போம்" என்று இறங்கினால், நன்றாக இருக்கும் பார்ட்டை கழற்றிவிட்டு இன்னொன்றை காசு கொடுத்து வாங்கிய கதைதான் ஆகும்.

ப்ளூ ஸ்கிரீன் ஏன் வருகிறது?

விண்டோஸின் மையப் பகுதியில் சரிசெய்ய முடியாத பிழை ஏற்பட்டால், ஃபைல்கள் மேலும் கெட்டுப்போகாமல் இருக்க விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. அப்போது வருவதுதான் ப்ளூ ஸ்கிரீன். விண்டோஸ் 11-ல் 2025-ல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு இந்தத் திரை கறுப்பு நிறத்தில் வருகிறது. நிறம்தான் மாறியது, அர்த்தம் அதேதான்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் தவறான ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கியது நினைவிருக்கலாம். அதற்குக் காரணம் சாஃப்ட்வேர். எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி கோளாறு என்பதால் காரணம் சீக்கிரம் தெரிந்துவிட்டது. வீட்டில் அசெம்பிள் செய்த ஒரே ஒரு கம்ப்யூட்டரில், நேரம் காலம் இல்லாமல் வரும் ப்ளூ ஸ்கிரீன் அப்படி இல்லை. அதில் ஹார்டுவேர் மீதும் பயாஸ் செட்டிங் மீதும் சந்தேகப்பட வேண்டும்.

எதையும் தொடும் முன் இரண்டு வேலைகள்

முதலில் முக்கியமான போட்டோக்கள், ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். ராம் பழுதாக இருந்தால், சேமிக்கும் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. பழைய பேக்கப்பை அழித்துவிட்டு அதன் மேல் காப்பி செய்யாதீர்கள், தனி ஃபோல்டரில் வையுங்கள்.

இரண்டாவது, பிட்லாக்கர் ரிகவரி கீ. விண்டோஸ் 11-ல் டிரைவ் என்கிரிப்ஷன் உங்களுக்கே தெரியாமல் ஆன் ஆகியிருக்கலாம். பயாஸில் மாற்றம் செய்தால் 48 இலக்க எண்ணைக் கேட்கக்கூடும். அது இல்லாவிட்டால் உங்கள் டேட்டாவை நீங்களே திறக்க முடியாது. பொதுவாக இந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் இருக்கும். முன்கூட்டியே எடுத்து ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாப் கோடு தான் முதல் துப்பு

திரையில் கீழே வரும் 'ஸ்டாப் கோடு' வரியை செல்போனில் போட்டோ எடுங்கள். அதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறதா? 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' போய், 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி' பகுதியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு திரை அப்படியே நிற்கும்.

இதுவரை வந்த கிராஷ்களைப் பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடுங்கள். எந்தத் தேதியில் என்ன நடந்தது, அதற்கு முன் என்ன இன்ஸ்டால் ஆனது என்று காலண்டர் மாதிரி காட்டும்.

நான்கைந்து கிராஷ்கள் சேர்ந்த பிறகு கோடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

* ஒவ்வொரு முறையும் ஒரே கோடு, ஒரே ஃபைல் பெயர் வந்தால்: பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட டிரைவர் அல்லது ஒரு குறிப்பிட்ட பார்ட் மீது சந்தேகம்.
* 'மெமரி மேனேஜ்மென்ட்', 'பேஜ் ஃபால்ட்', 'ஐஆர்க்யூஎல்' என ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோடு வந்தால்: ராம் மீது முதல் சந்தேகம்.
* 'வியா அன்கரெக்டபிள் எரர்' அல்லது 'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்': பிராசஸர், அதன் வோல்டேஜ், ஓவர்கிளாக் செட்டிங்.
* 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்': கிராஃபிக்ஸ் கார்டு அல்லது அதன் டிரைவர்.
* 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்': எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் அல்லது அதன் கேபிள். ராமும் காரணமாக இருக்கலாம்.

இது தீர்ப்பு அல்ல, எங்கே தேட வேண்டும் என்பதற்கான வழிகாட்டி மட்டுமே.

காசு செலவில்லாத முதல் சோதனை

ராம் பாக்கெட்டில் 6000 என்று ஸ்பீடு போட்டிருக்கும். உண்மையில் அந்த ஸ்பீடு, பயாஸில் 'எக்ஸ்எம்பி' அல்லது 'எக்ஸ்போ' என்ற செட்டிங்கை ஆன் செய்தால் கிடைக்கும் ஓவர்கிளாக் ஸ்பீடு. டிடிஆர்5 ராம் ஆரம்பத்தில் 4800 போன்ற குறைந்த ஸ்பீடில்தான் ஓடும். அசெம்பிள் செய்யும்போது பலரும் எக்ஸ்எம்பியை ஆன் செய்துவிட்டு அதை மறந்தே போய்விடுகிறார்கள்.

எனவே முதல் வேலையாக எக்ஸ்எம்பியை ஆஃப் செய்துவிட்டு சில நாள் பயன்படுத்திப் பாருங்கள். கிராஷ் நின்றுவிட்டால், அந்த ஸ்பீடை ராமோ, மதர்போர்டோ, பிராசஸரோ தாங்கவில்லை என்று அர்த்தம். பயாஸ் அப்டேட் செய்தாலோ, ஸ்பீடை ஒரு படி குறைத்து வைத்தாலோ பல நேரம் சரியாகிவிடும். இரண்டு தனித்தனி ராம் செட்களைக் கலந்து போட்டிருந்தாலும், நான்கு ஸ்லாட்டிலும் ராம் இருந்தாலும் இந்தப் பிரச்சினை அதிகம்.

ராமை இரவு முழுக்க டெஸ்ட் செய்யுங்கள்

எக்ஸ்எம்பி ஆஃப் செய்தும் கிராஷ் வந்தால், 'மெம்டெஸ்ட்86 பிளஸ்' என்ற இலவச சாஃப்ட்வேரை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்யுங்கள். பென்டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலி பென்டிரைவ் நல்லது. விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் டூலில் சில நேரம் கோளாறு பிடிபடாது. மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓட விடுங்கள்.

இதில் பாஸ் மார்க் 100-க்கு 100. ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான். எரர் வந்தால் ஒவ்வொரு ராம் ஸ்டிக்கையும் தனியாக, ஒரே ஸ்லாட்டில் போட்டு டெஸ்ட் செய்யுங்கள். ஒரு ஸ்டிக்கில் மட்டும் எரர் வந்தால் அந்த ராம் பழுது. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் குறிப்பிட்ட ஒரு ஸ்லாட்டில் மட்டும் எரர் வந்தால் மதர்போர்டு மீது சந்தேகம். எரர் வந்த திரையை போட்டோ எடுத்து வையுங்கள். வாரன்டி கேட்கும்போது அதுதான் ஆதாரம்.

பலர் செய்யும் முதல் வேலை விண்டோஸை அழித்துவிட்டு புதிதாக இன்ஸ்டால் செய்வது. ராம் பழுதாக இருக்கும்போது அப்படிச் செய்தால், புது விண்டோஸின் ஃபைல்களும் கெட்டுத்தான் ஏறும். ராம் டெஸ்ட் முடியும்வரை அந்த யோசனையைத் தள்ளிப்போடுங்கள்.

இன்டெல் 13, 14-ம் தலைமுறை பிராசஸரா?

இந்தத் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில, தேவைக்கு அதிகமான வோல்டேஜால் நாளடைவில் பாதிக்கப்படுவதை இன்டெல் நிறுவனம் 2024-ல் ஒப்புக்கொண்டது. பிராசஸரின் மைக்ரோகோடே தவறான வோல்டேஜைக் கேட்டதும் ஒரு காரணம். 2024 ஆகஸ்ட் முதல் பயாஸ் அப்டேட் மூலம் திருத்தம் தரப்பட்டது. ஆனால் அது பாதிப்பைத் தடுக்குமே தவிர, ஏற்கனவே பாதிக்கப்பட்ட பிராசஸரை சரிசெய்யாது.

கிராஃபிக்ஸ் கார்டில் போதுமான மெமரி இருந்தும் கேமில் 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று வருவது இதன் அறியப்பட்ட அறிகுறிகளில் ஒன்று. பாதிக்கப்படக்கூடிய மாடல்களுக்கு இன்டெல் வாரன்டியை 2 ஆண்டுகள் நீட்டித்தது. பாக்ஸ் பேக்கில் வாங்கியவர்களுக்கு மொத்தம் 5 ஆண்டுகள். பழைய பில்லைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் மீது அவசரமாகப் பழி போட வேண்டாம்

ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பார்த்ததும் பலர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். எந்தக் காரணத்தால் நின்றாலும் அந்தப் பதிவு வரும்.

ப்ளூ ஸ்கிரீனே வராமல், கேம் லோடு ஏறும்போது மின்சாரம் போனது போல பொட்டென்று ஆஃப் ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸை சந்தேகிக்கலாம். அப்போதும் முதலில் கேபிள்கள் அழுத்தமாகப் பொருந்தியிருக்கிறதா, யுபிஎஸ்ஸின் திறன் போதுமா என்று பாருங்கள். பிறகு நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி, அதற்கே உரிய கேபிள்களுடன் மாட்டிப் பாருங்கள். பழைய எஸ்எம்பிஎஸ் கேபிளை புதியதில் செருகக் கூடாது. மாடுலர் கேபிள்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள் இணைப்பு மாறும், எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் எரிந்துபோகலாம்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

ராம், டிரைவர், பயாஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், தேதியைக் குறியுங்கள், காத்திருங்கள். வழக்கமாக 2 நாளுக்கு ஒருமுறை கிராஷ் ஆகும் கம்ப்யூட்டர் என்றால், ஒரு வாரமாவது தொந்தரவு இல்லாமல் ஓடினால்தான் சரியானதாக எடுத்துக்கொள்ள முடியும். ஒரு நாள் நன்றாக ஓடியதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

இப்படிச் செய்தால், ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்கோ சர்வீஸ் சென்டருக்கோ போகும்போது "கம்ப்யூட்டர் சரியில்லை" என்று மொட்டையாகச் சொல்ல வேண்டியதில்லை. "இந்த ராமை தனியா போட்டு டெஸ்ட் பண்ணேன், எரர் வருது" என்று போட்டோவைக் காட்டலாம். "உங்க மத்த பார்ட்லதான் பிரச்சினை" என்று திருப்பி அனுப்புவது அதற்குப் பிறகு அவ்வளவு சுலபம் இல்லை.