சோகையின் வரலாறு



நான் வாழும் ஊர் திருப்புல்லாணி. இராமநாதபுரத்திற்குத் தெற்கே, ஆதிஜகந்நாதப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் சிற்றூர் அது. கூப்பிடு தொலைவில் சேதுக்கரை. இலங்கைக்கு வழி வேண்டி இராமபிரான் தருப்பைப் புல்லின்மேல் கிடந்த தலம் இது என்பர். எனவே, இலங்கைப் பயணம் என்றாலே எங்கள் பகுதியினருக்கு அந்தப் புராணமே முதலில் நினைவுக்கு வரும். ஆயினும், இதே கடற்கரை வழியாக இலங்கைக்குச் சென்ற வேறொரு பெருங்கூட்டமும் உண்டு. அக்கூட்டத்தாரிடம் வில்லும் இல்லை, அம்பும் இல்லை. தோளில் ஒரு துணிமூட்டையும், வயிற்றில் பசியுமே இருந்தன. அவர்களுள் பலருடைய குடலில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பகையும் மறைந்து சென்றது. அப்பகையின் பெயர் கொக்கிப்புழு. அது விளைத்த நோயின் பெயர் சோகை.

சோகையை நாம் எளிய நோயாகக் கருதிவிடுகிறோம். முகம் சற்று வெளுத்திருக்கிறது, உடம்பு அசதியாக இருக்கிறது என்று சொல்லி அப்பால் சென்றுவிடுகிறோம். ஆனால் இந்த வெளுப்புக்குக் காரணம் ஒன்றன்று, பல. அக்காரணங்களுள் மூன்றைக் கண்டறிந்த வரலாற்றில் நம் தமிழ் மண்ணுக்கும் தமிழ் மக்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதனையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

முதலில் குருதியைப் பற்றிச் சில சொற்கள். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி ஓடுகிறது. அதிலுள்ள சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள் உள்ளது. இரும்புச் சத்தை உட்கொண்ட இப்பொருளே நுரையீரலில் உயிர்வளியைப் பற்றி, உடலெங்கும் கொண்டு சேர்க்கிறது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உழைத்து மடிகிறது. எலும்பு மச்சையில் புதிய அணு பிறக்கிறது. 100 மில்லி லிட்டர் குருதியில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கருவுற்ற பெண்களுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் அதனைச் சோகை என்பர்.

இதில் இதயத்திற்கு என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். பத்து வண்டிகள் சுமக்க வேண்டிய நெல்லை ஐந்தே வண்டிகள் சுமக்க வேண்டுமாயின், அவ்வண்டிகள் இருமுறை ஓட வேண்டும் அன்றோ? அதுபோலவே, உயிர்வளியைச் சுமக்கும் பொருள் குறைந்தால், எஞ்சிய குருதியை இதயம் விரைந்து விரைந்து செலுத்துகிறது. நலமான இதயமே ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. சோகையுற்றவரின் இதயமோ ஓய்வு நேரத்திலும் ஓடுகிறவரின் இதயம்போல் உழைக்கிறது. அதனால்தான் படியேறும்போது மூச்சு வாங்குகிறது; நெஞ்சு படபடக்கிறது. சோகை கடுமையாகி நெடுநாள் நீடித்தால் இதயம் பெருத்து, கால்கள் வீங்கி, இறுதியில் இதயமே சோர்ந்துபோகும். பிரசவ வேளையில் இச்சோர்வு தாயின் உயிரையே பறித்துவிடக்கூடும். ஆகவே, சோகை குருதியில் தோன்றும் நோயாயினும், அதன் சுமையைத் தாங்குவது இதயமே.

இனி முதற்காரணத்திற்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்களும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் அழைப்பை நம்பி மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், மண்டபம் முகாம் அவர்கள் கடக்க வேண்டிய வாயிலாயிற்று. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. அங்கே அவர்களைச் சில நாள் தடுத்து நிறுத்தி, அம்மையும் வாந்திபேதியும் உண்டா என்று பார்த்த பின்னரே கப்பலேற விடுவர்.

அம்மையைக் கண்ணால் காணலாம். கொக்கிப்புழுவையோ காண இயலாது. அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ளது. சிறுகுடலின் சுவரைக் கவ்வி நின்று, ஆண்டுக்கணக்கில் குருதியை உறிஞ்சி வாழ்வது. 1838ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மிலான் நகரில் ஆஞ்செலோ துபினி என்னும் மருத்துவர் இதனை முதலில் கண்டார். ஆனால் அது உடலுக்குள் எவ்வழியாகப் புகுகிறது என்பது அறுபது ஆண்டுகள் வரை விளங்கவில்லை. 1898ஆம் ஆண்டில் கெய்ரோ நகரில் ஆர்தர் லோஸ் என்னும் ஆய்வாளர், இப்புழுவின் நுண்குஞ்சுகள் நிறைந்த நீரைத் தற்செயலாகத் தம் கைமேல் சிந்திவிட்டார். அவ்விடம் சிவந்து நமைத்தது. சில வாரங்கள் சென்றபின் தம் மலத்தைச் சோதித்தபோது அதில் புழுவின் முட்டைகளைக் கண்டார். புழு வாய்வழியாக மட்டுமே புகுவதாகக் கருதியிருந்த உலகம், அது தோலைத் துளைத்தும் நுழைகிறது என்பதை அன்று அறிந்தது. தோலில் நுழைந்த குஞ்சு, குருதியோடு இதயத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரலுக்கு ஏறி, தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. எத்துணை நெடிய பயணம்!

இப்போது தேயிலைத் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். நிழலும் ஈரமும் நிறைந்த மண், செருப்பில்லாத கால்கள், லயங்களில் கழிப்பிடம் இல்லாமையால் செடிகளின் மறைவையே நாடவேண்டிய நிலை. கொக்கிப்புழுவுக்கு இதைவிட ஏற்ற இடம் வேறு உண்டோ? ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சும் குருதி, ஓரினத்தில் 0.03 மில்லி லிட்டர்; மற்றோரினத்தில் அதைப்போல் ஐந்து மடங்கு. சிறிதளவு உறிஞ்சும் இனத்திலேயே நூறு புழுக்கள் குடலில் இருந்தால், நாளொன்றுக்கு 3 மில்லி லிட்டர் குருதி போய்விடும். அதனோடு போகும் இரும்போ ஒன்றரை மில்லி கிராம். நாம் உண்ணும் உணவிலிருந்து உடல் ஒரு நாளில் ஏற்கும் இரும்பே ஏறக்குறைய அவ்வளவுதான்! வரவெல்லாம் செலவாகும் வீட்டில் சேமிப்பு எங்ஙனம் நிற்கும்?

இத்தகைய உழைப்பாளியை நோக்கித்தான் சோம்பேறி என்றனர். மலைச்சரிவில் கூடை சுமந்து ஏறும்போது மூச்சுத் திணறி அமர்ந்தவரை வேலைக்கு ஏய்ப்பவர் என்றனர். குற்றம் அவருடைய மனத்தில் இல்லை, குருதியில் இருந்தது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிலையம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. பின்னர் மண்டபம் முகாமிலும் பயணிகளுக்குப் புழு நீக்கும் மருந்து தரப்பட்டது. மருந்து புழுவை வெளியேற்றியது. ஆனால் கழிப்பிடம் கட்டப் பணம் செலவிடத் தோட்ட முதலாளிகள் பலர் தயங்கினர். மருந்துண்டவர் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார். மீண்டும் புழு புகுந்தது. குடலைத் தூய்மை செய்தால் மட்டும் போதாது, மண்ணையும் தூய்மை செய்தல் வேண்டும் என்பது அப்பணி உலகுக்குக் கற்பித்த பாடமாகும்.

இரண்டாவது காரணத்திற்கு வருகிறேன். குருதி வெளியே போகாமலே குறைவதும் உண்டு. 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். அங்கே நூற்பாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் பலர், கருவுற்ற காலத்தில் கொடிய சோகைக்கு ஆளாகி மடிந்துகொண்டிருந்தனர். அவர்களுடைய சிவப்பணுக்கள் அளவில் பெருத்தும் எண்ணிக்கையில் சிறுத்தும் காணப்பட்டன. இரும்பு கொடுத்தும் அச்சோகை நீங்கவில்லை. லூசி வில்ஸ் கிருமியைத் தேடுவதோடு நில்லாமல், அப்பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று ஆராய்ந்தார். பழமும் காய்கறியும் அவர்களுடைய உணவில் மிகக் குறைவாக இருந்தன. அவ்வுணவையே விலங்குகளுக்கு அளித்துப் பார்த்தார். 1929ஆம் ஆண்டில் அவ்வாய்வு நம் நீலகிரிக்கு, குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திற்கு இடம் மாறியது. 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா மருத்துவமனையில் பணியாற்றினார். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்குவது அதுவே.

சோகையுற்ற குரங்கு ஒன்று ஈஸ்ட்டின் சாறாகிய மார்மைட் என்னும் மலிவான உணவுப் பொருளால் தேறியது. அதனையே நோயுற்ற பெண்களுக்கும் கொடுத்தார், அவர்களும் தேறினர். 1931ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. அச்சாற்றில் உள்ள பொருள் யாதென அறியாமல், அதனை வில்ஸ் காரணி என்றே அழைத்து வந்தனர். 1941ஆம் ஆண்டில் பசலை இனக் கீரையிலிருந்து அப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இலையில் கிடைத்தமையால், இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். நம் கொல்லையிலுள்ள முருங்கைக்கீரையிலும், அடுக்களையிலுள்ள பருப்பிலும் இருப்பது அச்சத்தே. கருவுறும் முன்னரே தாய் இதனை உட்கொண்டால், குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகள் பெரிதும் தவிர்க்கப்படும் என்பது 1991ஆம் ஆண்டில் உறுதியாயிற்று.

மூன்றாவது காரணம் உணவிலும் இல்லை, புழுவிலும் இல்லை, பிறப்பிலேயே அமைவது. 1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள், நீலகிரிப் பகுதியின் இருளர், குறும்பர், பணியர் முதலிய மக்களின் குருதியில் கதிர் அரிவாள் அணுத்தன்மை இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு, அரிவாள்போல் வளைந்துவிடுவது இதன் இயல்பு. அதுவரை ஆப்பிரிக்க மக்களோடு பெரிதும் தொடர்புபடுத்திப் பேசப்பட்ட நோய் இது. வளைந்த அணுக்கள் விரைவில் அழிகின்றன. நுண்குழாய்களை அடைத்துக் கடும் வலி தருகின்றன. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்கூறு வந்தால்தான் நோய் வெளிப்படும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், பெரும்பாலும் துன்பமில்லை. மலேரியாவின் கொடுமையிலிருந்து ஓரளவு காப்பும் கிடைக்கிறது. இந்நோயை 2047ஆம் ஆண்டுக்குள் நீக்கும் நோக்குடன் 2023ஆம் ஆண்டில் நம் நாட்டில் தேசிய இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டுள்ளது.

அன்பர்களே, இம்மூன்றையும் ஒருங்கே நோக்குங்கள். மூவரின் முகத்திலும் காணும் வெளுப்பு ஒன்றே. ஆனால் ஒருவருக்குப் புழு நீங்க வேண்டும். ஒருவருக்கு உணவு திருந்த வேண்டும். ஒருவருக்குப் பிறப்பால் வந்த கூற்றை அறிந்து மருத்துவம் செய்ய வேண்டும். காரணம் அறியாமல் எல்லாருக்கும் ஒரே மருந்து என்பது மருத்துவமாகாது. அரிவாள் அணு நோயுற்றவர் மருத்துவரைக் கேளாமல் இரும்பு மாத்திரையை விழுங்குவதும் முறையன்று. சித்த மருத்துவர்கள் பாண்டு என்று பெயரிட்டு அயச்செந்தூரமும் கரிசலாங்கண்ணியும் வழங்கிவந்த நோய்தான் இது. எனினும், பெயர் ஒன்றாயினும் வேர் பல என்பதைக் காட்டியது நுண்ணோக்கியும் பொறுமையான ஆய்வுமே ஆகும்.

இவ்வரலாறு முடிந்த கதை என்று கருதவேண்டா. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுற்றவர்கள். தமிழ்நாட்டில் அவ்வெண் 53. பாதிக்கு மேல்!

பள்ளியில் வாரம் ஒருமுறை உங்களுக்கு நீல நிற மாத்திரை ஒன்று தருகிறார்கள். குடற்புழு நீக்க நாளில் மற்றொரு மாத்திரை தருகிறார்கள். ஆசிரியர் திரும்பியதும் சன்னலுக்கு வெளியே பறக்கும் மாத்திரைகளை என் பணிக்காலத்தில் நான் கண்டதுண்டு. அந்த நீல மாத்திரையில் உள்ளவை இரும்பும் ஃபோலிக் அமிலமும். கோஷா மருத்துவமனையின் ஏழைத் தாய்மார்கள் உயிரைப் பணயம் வைத்து நமக்குத் தேடித் தந்த அறிவு அது. குடற்புழு மாத்திரையில் இருப்பதோ, தேயிலைச் சரிவுகளில் மூச்சுத் திணறி நின்ற நம் முன்னோர்களின் துன்பத்திலிருந்து பிறந்த அறிவு. அவற்றை எறிவது மாத்திரையை எறிவதன்று; அம்மக்கள் விட்டுச் சென்ற செல்வத்தை எறிவதாகும்.

மாத்திரையோடு நின்றுவிடவும் கூடாது. கீரையும் பயறும் உண்ணுங்கள். நெல்லிக்கனியும் எலுமிச்சையும் இரும்பை உடல் ஏற்கத் துணைபுரியும். உணவோடு தேநீர் அருந்துவது அதனைத் தடுக்கும். உண்டபின் சற்று நேரம் கழித்து அருந்துங்கள். வெளியே செல்லும்போது காலணி அணியுங்கள். கழிப்பறையைப் பயன்படுத்துங்கள், இல்லாத இடத்தில் அதனைக் கேட்டுப் பெறுங்கள்.

இறுதியாக ஒன்று. உங்கள் வகுப்பில் எப்பொழுதும் சோர்ந்து அமர்ந்திருக்கும் தோழியோ தோழனோ இருந்தால், சோம்பேறி என்று நகையாதீர்கள். அவருடைய கண்ணிமையின் உட்புறமும் நகமும் வெளுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு துளிக் குருதி போதும், சில நிமிடங்களில் உண்மை தெரிந்துவிடும். பழிச்சொல்லுக்கு முன் காரணத்தைத் தேடுவதே அறிவு. அதுவே அறமும் ஆகும்.