கலைப்பொருட்களைப் பொதிந்து அனுப்புதல்

கலைப்பொருட்களைப் பொதிந்து அனுப்புதல்: ஓவியம், சிற்பம் முதலியன பிரயாணத்தின்போது அடி, அதிர்வு, ஈரம், உஷ்ணம் ஆகியவற்றால் சேதமுறாதவாறு காக்கும் பொருட்டு அமைக்கும் உறை, மெத்தை, பெட்டி ஆகியவற்றையும், அவற்றைக் கையாளும் முறைகளையும் குறிக்கும்.

பெட்டி கைதவறி விழுந்துவிடுமோ என்றே பொதுவாக எவரும் அஞ்சுவர்; ஆனால் மரப்பலகையில் தீட்டிய சித்திரத்துக்குக் காற்றின் ஈரம் ஏறி இறங்குவதும் அதே அளவு கொடிய அபாயமாகும். ஈரத்தை உறிஞ்சிய பலகை இழைக்குக் குறுக்காக விரிந்து, உலர்ந்ததும் சுருங்க, அதன்மேல் பல நூற்றாண்டுகளாக இறுகிப்போன வர்ணப்படலம் அவ்வசைவுக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் வெடித்துப் பொருக்குப் பொருக்காகப் பெயர்கிறது. 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் உள்ள பாப்ளர் பலகையில் லியனார்டோ டா வின்சி தீட்டிய மோனா லிசா, 1962 டிசம்பரில் 'பிரான்ஸ்' என்னும் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து, 1963 தொடக்கத்தில் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, உள்ளே வெப்பமும் ஈரமும் மாறாதபடி தனியே செய்த பெட்டியில்தான் சென்றது. பாரிஸில் அது பழகியிருந்த காற்றையே உடன் எடுத்துச் சென்றதாகக் கொள்ளலாம்.

ஈரத்தால் பலகைபோல் விரிந்து சுருங்காத சலவைக்கல்லுக்கு அதிர்வே பகை. வத்திக்கானிலுள்ள மைக்கலாஞ்சலோவின் 'பியேட்டா' சிற்பம் 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்குச் சென்றபோது, ஒன்றுக்குள் ஒன்றாகப் பெட்டிகள் அமைத்து, பாலிஸ்டைரீன் மணிகளைச் சிலையைச் சுற்றி நிரப்பினார்கள். நெளிவும் மடிப்பும் மிகுந்த அவ்வுருவத்தை எப்புறமும் சமமாகத் தாங்க இது தக்க உபாயமாயிற்று.

சாதாரணச் சித்திரத்துக்கும் இதே தத்துவந்தான். கண்ணாடியிட்ட படமாயின், வழியில் உடைந்தாலும் சில்லுகள் வர்ணத்தின்மேல் விழாதிருக்கக் கண்ணாடி முழுவதும் ஒட்டுநாடாவை வரிவரியாக ஒட்டுவர். நாடாவின் நுனி சட்டத்தைத் தொட்டால், பிரிக்கும்போது பொற்பூச்சையும் உரித்துக்கொண்டு வந்துவிடுமாதலால், விளிம்புக்கு உள்ளேயே நிறுத்திவிடுவர். குமிழ்கள் நிறைந்த பிளாஸ்டிக் தாளை நேரே வர்ணத்தின்மேல் சுற்றினால் வார்னிஷில் வட்டவட்டமாகத் தழும்பு பதியும். ஆகவே முதலில் அமிலமற்ற மெல்லிய தாள் வேண்டும். நுரைமெத்தை மிருதுவாக இருக்க இருக்கப் பாதுகாப்பு மிகும் என்று எண்ணுவதும் பிழையே: பாரத்துக்கு மிஞ்சி மிருதுவானால் அது நசுங்கி அடிதட்டிப்போகும், கடினமானால் அதிர்ச்சியை அப்படியே உள்ளே கடத்தும். ஆணி அடிப்பதே அதிர்வாகிவிடும் என்பதால் மூடியைத் திருகாணிகளால் முடுக்குவர். கான்வாஸ் ஓவியத்தை நிறுத்திய வாக்கிலும், தூளாக உதிரும் பாஸ்டல் சித்திரத்தை மட்டும் முகம் மேல்நோக்கக் கிடத்தியும் கொண்டுசெல்வது வழக்கம்.

பெட்டிக்குள் அடங்காத பெருஞ்சித்திரங்களும் உண்டு. 1939இல் யுத்த பயத்தால் லூவ்ர் அருங்காட்சியகத்தைக் காலி செய்தபோது, வெரோனேசேயின் 'கானா ஊர்க் கலியாண'த்தை உருளையில் சுருட்டினார்கள்; சுமார் 5 மீட்டர் உயரமுள்ள ஜெரிக்கோவின் 'மெதூஸாவின் தெப்ப'மோ நாடகக் காட்சித்திரைகள் ஏற்றும் வண்டியில் சென்று, வெர்சாய் நகர மின்கம்பிகளில் சிக்கிக்கொண்டது. சுருட்டும்போது வர்ணம் வெளிப்புறமாக இருக்கவேண்டும் என்பது இன்றைய விதி. உட்புறமாகச் சுருட்டினால் படலம் நெருக்குண்டு நொறுங்கும்.

நம் தஞ்சாவூர்ப் படங்களில் சுண்ணப்பசையால் புடைத்து, பொன்தகடு ஒட்டி, கண்ணாடிக் கற்கள் பதித்த மேற்பரப்பு எவ்வித அழுத்தத்தையும் பொறுக்காது. ஆதலால் எந்த உறையும் முகத்தில் படாதவாறு, சட்டத்தை மட்டும் பற்றிக்கொண்டு முன்னால் இடைவெளி விட்டே பொதிய வேண்டும்.

ஊர் வந்து சேர்ந்த பெட்டியை உடனே திறப்பதில்லை. புதிய அறையின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பெட்டி பழகும் பொருட்டு 24 மணிநேரமாவது மூடியபடியே வைத்திருந்து, பிறகு திருகாணிகளைக் கழற்றி, புறப்படுமுன் எழுதிய நிலைக்குறிப்பையும் புகைப்படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கீறலையும் பழையதா புதியதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.