ஓவர்சைஸ்: ஆழ்வார்குறிச்சி முதல் சோழவரம் வரை

சிலிண்டரின் உள்விட்டமும், அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் (ஓட்டம்) சேர்ந்ததுதான் இன்ஜினின் கொள்ளளவு. ஏறி இறங்கும் தூரத்தைக் கிராங்க் தீர்மானிக்கிறது; அதை மாற்றப் போனால் இன்ஜினையே பிரித்து மறுபடி கட்ட வேண்டும். விட்டத்தை மாற்றுவது சுலபம். பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொடுத்துப் போர் செய்து, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டனையும் ரிங்கையும் போட்டால் வேலை முடிந்தது. விட்டம் கணக்கில் வர்க்கமாக வருவதால், சிறிது கூட்டினாலும் பலன் தெரியும். பந்தயத்துக்கு வண்டி கட்டுகிறவர்களுக்கு உலகம் எங்கும் இந்தக் கணக்கின் மேல் ஒரு கண் இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் ஓவர்சைஸ் பிஸ்டன் முதலில் பழுது பார்க்கும் சாமானாகத்தான் பரவியது. ஓடி ஓடித் தேய்ந்த சிலிண்டர் வட்டமாக இருப்பதில்லை. கனெக்டிங் ராடு சாயும் போது பிஸ்டன் ஒரு பக்கச் சுவரையே அதிகம் அழுத்துவதால் துளை நீள்வட்டமாகிவிடும். மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில் ஒரு விளிம்பும் விழும். புதிய பிளாக் வாங்க வசதி இல்லாதவர் அதைக் கடைந்து மறுபடி வட்டமாக்கிக்கொள்கிறார். கடைந்த அளவுக்கு ஏற்ற பிஸ்டன் கடையில் கிடைக்க வேண்டும். நாடு விடுதலை அடைந்த காலத்தில் அந்தப் பிஸ்டன் பெரும்பாலும் கப்பலில் வந்தது.

அந்த நிலையை மாற்றியவர்களில் ஒருவர் தாமிரபரணிப் பகுதிக்காரர். எஸ். அனந்தராமகிருஷ்ணன் 1905-ல் ஆழ்வார்குறிச்சியில் பிறந்தார். ஊரை ஒட்டி ஓடும் கடனாநதி திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்கிறது. அன்று திருநெல்வேலிச் சீமையில் இருந்த ஊர், 2019 பிரிவினைக்குப் பிறகு தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. சென்னைக்குப் போன அவர், 1840-ல் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்சனில் சேர்ந்து அதன் தலைமைக்கே உயர்ந்தார். 1903-லேயே நீராவிக் கார் ஒன்றைச் செய்து சென்னைத் தெருவில் ஓட்டிய பட்டறை அது. வெள்ளைக்காரர் நிறுவனங்களை ஒவ்வொன்றாக வாங்கி அவர் அமைத்த அமால்கமேஷன்ஸ் குழுமத்தில், 1949-ல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் பிறந்தது.

அவர் தொடங்கியவற்றுள் டிராக்டரும் டீசல் இன்ஜினும்தான் பேர் வாங்கின. துணிச்சல் என்று பார்த்தால் பிஸ்டனைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அதனால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விடும் இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான் என்றாலும், அது கூடினால் வண்டி கடகடக்கும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். விரிவைக் கட்டுப்படுத்த அலுமினியத்தோடு 12 சதவீத அளவில் சிலிக்கான் கலக்கிறார்கள். பார்வைக்கு உருண்டையாகத் தெரியும் பிஸ்டன் உண்மையில் லேசான நீள்வட்டம், மேல் பக்கம் சற்று ஒடுக்கம். சூடேறிய பிறகுதான் அது சிலிண்டருக்குச் சரியான வடிவத்தை அடைகிறது. இத்தனை நுணுக்கமும் 1949-ன் சென்னையில் கைவந்தாக வேண்டும். 1953-ல் மத்திய அரசு, உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத வாகன நிறுவனங்களைக் கதவடைக்கச் சொன்னபோது, உதிரிப் பாகத் தொழில் இங்கே ஓரளவு கால் ஊன்றியிருந்ததற்கு இத்தகைய முன்முயற்சிகளே காரணம்.

அதே 1953-ல்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போரின்போது போட்ட சோழவரம் விமான ஓடுதளம் அதன் பந்தயத் தடமானது. 1955-ல் என்ஃபீல்ட் இந்தியா அமைந்து, திருவொற்றியூரிலிருந்து புல்லட் வரத் தொடங்கியது. அந்த 350 புல்லட்டின் விட்டம் 70 மி.மீ., ஓட்டம் 90 மி.மீ.; கொள்ளளவு 346 சி.சி. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 40, 60 என்று படிப்படியாக ஏறும். கடைசிப் படியான அறுபதைப் போட்டாலும் விட்டம் ஒன்றரை மில்லிமீட்டர்தான் கூடும். கொள்ளளவு 361 சி.சி.யில் நின்றுவிடும். 4 சதவீதத்துக்குச் சற்று அதிகமான இந்த லாபத்தை, சரியாக மூடாத ஒரு வால்வே தின்றுவிடும். போதாததற்கு, 350 சி.சி. வகுப்பின் எல்லையைத் தாண்டியதற்கு விதிப் புத்தகமும் குறுக்கே வரும்.

500 புல்லட்டின் ஓட்டமும் அதே 90 மி.மீ.தான். விட்டம் 84 மி.மீ., கொள்ளளவு 499 சி.சி. ஆக, 14 மி.மீ. கூட்டினால் 350 ஐந்நூறாகிவிடும் என்று தோன்றும். காகிதத்தில் ஆகும், பட்டறையில் ஆகாது. 350-ன் சிலிண்டர்ச் சுவரில் அவ்வளவு சதை கிடையாது. சிலிண்டரின் அடிப்பகுதி இறங்கும் கிராங்க் கேஸ் வாயும் சின்னது. முதல் வரைபடத்திலேயே இடம் விட்டு வைத்திருந்தால்தான் பெரிய பிஸ்டன் உள்ளே போகும்.

அப்படி இடம் வைத்து வரைந்தவர்களுக்கு இத்தாலியின் டுகாட்டி நல்ல உதாரணம். ஃபாபியோ தாலியோனி வடிவமைத்த இரட்டைச் சிலிண்டர் 750-ன் விட்டம் 80 மி.மீ., ஓட்டம் 74.4 மி.மீ., மொத்தம் 748 சி.சி. 1972-ல் இமோலா 200 மைல் பந்தயத்தில் பால் ஸ்மார்ட் இந்த இன்ஜினில் வென்றார். மறு ஆண்டு, ஓட்டத்தைத் தொடாமல் பிஸ்டனை மட்டும் 86 மி.மீ. ஆக்கி 864 சி.சி.க்கு ஏற்றிய வண்டி, பார்சிலோனாவின் மோன்ஜுயிக் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. 86 மி.மீ. டுகாட்டிக்குப் புதிய அளவும் அல்ல. அதன் 450 ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் ஏற்கெனவே இருந்தது. 1978-ல் மைக் ஹெயில்வுட் மான் தீவில் வென்றதும் இந்த 864 வழி வந்த இன்ஜினில்தான்.

பெரிய பிஸ்டன் தனியாக வருவதில்லை, வேலைகளைக் கூட்டிக்கொண்டு வரும். ஹெட்டில் உள்ள எரியறை அப்படியே இருக்க, கொள்ளளவு மட்டும் கூடினால் கம்ப்ரஷன் ஏறும். 748-ல் 9 என்று இருந்த விகிதம் 864-ல் பத்தைத் தாண்டும். ஆக்டேன் குறைந்த பெட்ரோல் அதைத் தாங்காமல் தட்டும். எனவே பிஸ்டன் தலையைக் குறைக்கவோ, ஹெட்டுக்கு அடியில் தடித்த கேஸ்கெட் கொடுக்கவோ வேண்டும். பிஸ்டனின் எடை கூடினால் கிராங்கின் சமநிலை கெட்டு அதிர்வு வரும். வேகம் இரு மடங்கானால் அந்த அதிர்வைத் தரும் விசை நான்கு மடங்காகும். கார்புரேட்டர் ஜெட்டைப் பெரிதாக்காவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் தலையே உருகும். இவற்றை விட்டுவிட்டு பிஸ்டனை மட்டும் மாற்றியவர்களின் வண்டி முதல் சுற்றில் பறந்து, பாதியில் நிற்பதில் வியப்பில்லை.

பந்தயங்கள் 1990-க்குப் பின் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு மாறின. பிளாக்கும் மாறிவிட்டது. வார்ப்பிரும்புச் சுவரை இறுதி அளவு வரை கடைந்து முடித்தாலும், புது லைனர் இறக்கி, புல்லட்டின் பழைய 70 மி.மீ.க்கே திரும்ப முடியும். இன்றைய பல பைக்குகளின் அலுமினியச் சிலிண்டரில் நிக்கல்–சிலிக்கான் கார்பைடு பூச்சு உண்டு. மிக மெல்லிய அந்தப் பூச்சைக் கடைந்தால் பூச்சே போய்விடும். அந்த வண்டிகளுக்கு நிறுவனங்கள் ஓவர்சைஸ் பிஸ்டன் தருவதில்லை. தேய்ந்தால் பிளாக்கையும் பிஸ்டனையும் ஒரே செட்டாக வாங்கி மாற்றுவதுதான் வழி.